உள்ளே எப்படி வந்தது?

அறிக்கையின் முதல் பக்கத்தில் தடித்த எழுத்தில் இருந்தது: மோதல்கள் 0.

அந்தப் பூஜ்யத்துக்காக நானும் என்னோடு வேலை பார்த்த இரண்டு பையன்களும் பதினொரு வாரம் திரையைப் பார்த்தபடியே கிடந்தோம். கட்டப்போகும் கட்டடத்தின் கணினி மாதிரியில் ஒரு பொருள் இன்னொன்றின் இடத்தில் புகுந்திருந்தால் அது ஒரு மோதல். தொடங்கிய அன்று எண்ணிக்கை நான்காயிரத்துச் சொச்சம். குளிர்காற்றுக் குழாய் உத்திரத்தைத் துளைத்துக்கொண்டு போயிருந்தது. கழிவுநீர்க் குழாய் மின்கம்பித் தட்டின் மேல் சாவகாசமாகப் படுத்திருந்தது. ஒரு மாடியில் மின்சார அறைக் கதவைத் திறந்தால் தூணில் இடித்தது. ஒவ்வொன்றாகப் பேசி, சிலவற்றுக்குச் சண்டை போட்டு, நகர்த்தி, ஒரு வெள்ளிக்கிழமை மாலை மென்பொருள் ஒருவழியாகப் பூஜ்யம் என்றது. மேலாளர் எல்லோருக்கும் கோப்பி வாங்கிக் கொடுத்தார்.

அடுத்த செவ்வாய்க்கிழமை கடற்பாலத்தைத் தாண்டி ஜோகூரில் இருக்கும் குளியலறைத் தொழிற்சாலைக்குப் போனேன். ஆமாம், குளியலறைத் தொழிற்சாலைதான். நாங்கள் கட்டிக்கொண்டிருந்தது சிங்கப்பூரில் இரண்டு கோபுரங்கள் கொண்ட ஒரு கூட்டுரிமை வீட்டுத் திட்டம். அரசு விற்கும் நிலத்தில் அடுக்குமாடி வீடு கட்டுகிறவர்கள் குளியலறைகளை மாடியில் செங்கல் அடுக்கிக் கட்டக் கூடாது; தொழிற்சாலையில் செய்து கொண்டுவர வேண்டும் என்பது 2014 இறுதியிலிருந்து அங்கே விற்பனை நிபந்தனை. தரை ஓடு, கழிப்பறைக் கோப்பை, கண்ணாடி, குழாய், விளக்கு எல்லாம் பொருத்தப்பட்ட ஒரு பெட்டியாக அது லாரியில் வரும். வேலைத்தளத்தில் எல்லோரும் அதன் ஆங்கிலப் பெயரைச் சுருக்கி ‘பிபியு’ என்பார்கள். கிரேன் அதைத் தூக்கி மாடியின் விளிம்பில் நீட்டியிருக்கும் இறக்குமேடையில் வைக்கும். அங்கிருந்து தள்ளுவண்டியில் ஏற்றி அதன் இடத்துக்குத் தள்ளிக்கொண்டு போவார்கள்.

தொழிற்சாலையின் உற்பத்தி மேற்பார்வையாளர் மலேசியத் தமிழர். ஐம்பதைத் தாண்டியவர். சீன முதலாளி உட்பட அனைவரும் அவரை ‘அண்ணன்’ என்றே கூப்பிட்டார்கள். நானும் அப்படியே கூப்பிட்டேன். மடிக்கணினியைத் திறந்து கட்டடத்தைச் சுழற்றிச் சுழற்றிக் காட்டினேன். சுவரை மறைத்தேன், தளத்தைக் கண்ணாடியாக்கினேன், ஒன்பதாம் மாடிக் குளியலறைக்குள் நுழைந்து கண்ணாடியில் பார்ப்பதுபோல் நின்றேன். வித்தை காட்டுகிறவன் மனநிலையில் இருந்தேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன். அண்ணன் பொறுமையாகப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கேட்டார்:

“தம்பி, இது இங்கே இருக்கிறது. சரி. உள்ளே எப்படி வந்தது?”

கேள்வி எனக்குப் புரியவில்லை. அவர் ஒரு காகிதத்தை எடுத்தார். தளத்துக்குத் தளம் உயரம் என்ன? 3,150 மி.மீ. வழியில் குறுக்கே போகும் உத்திரத்தின் ஆழம்? 550. அப்படியானால் உத்திரத்தின் அடியில் மிச்சம் 2,600. பெட்டியின் உயரம் 2,480. இதுவரை சரி. தள்ளுவண்டி பெட்டியைத் தரையிலிருந்து எவ்வளவு தூக்கும்? எனக்குத் தெரியாது. அவருக்குத் தெரியும்: 130.

2,610.

பத்து மில்லிமீட்டர். என் சுண்டுவிரல் நகத்தின் அகலம். பெட்டி அதன் இடத்தில் அழகாக உட்கார்ந்திருந்தது. ஆனால் அந்த இடத்துக்கு அதனால் போகவே முடியாது. மென்பொருளைக் குறை சொல்ல வழியில்லை. கட்டி முடிந்த நிலையில் இரண்டு பொருள்கள் ஒரே இடத்தில் இருக்கின்றனவா என்று அதனிடம் கேட்டோம். இல்லை என்று உண்மையைச் சொன்னது. கட்டடம் ஒரே நாளில் வானத்திலிருந்து இறங்குவதாக நினைத்துக் கேட்ட கேள்வி அது. பெட்டிகள் போக வேண்டிய முதல் மாடிக்கு மேலே இருக்கும் தளத்தை அதற்கு முந்தைய வாரம்தான் வார்த்திருந்தார்கள்.

இந்தத் தொழிலுக்கு வெளியே இருப்பவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். நம் ஊரில் வீடு கட்டிய எவருக்கும் ஒரு காட்சி நினைவிருக்கும். சுவர் எழும்பி, பூச்சு முடிந்து, காய்ந்தும்விடும். அப்போதுதான் எலக்ட்ரீஷியன் வருவார். வந்து சுவரில் காடி வெட்டுவார். அவர் போனதும் பிளம்பர் வந்து இன்னொரு பக்கம் உடைப்பார். கொத்தனார் இருவரையும் திட்டிக்கொண்டே மறுபடி பூசுவார். மூவரும் நல்ல வேலைக்காரர்களாகவே இருப்பார்கள். ஒருவர் போன பிறகே இன்னொருவர் வருகிறார், அவ்வளவுதான் குறை. அந்த உடைப்பைச் சிமென்ட் சுவரில் இல்லாமல் கணினியில் முன்கூட்டியே நடத்திப் பார்ப்பதைத்தான் ‘கட்டடத் தகவல் மாதிரி’ என்கிறோம். பேச்சில் ‘பிம்’. வரைபடத்தில் சுவர் என்பது இரண்டு கோடு. மாதிரியில் சுவருக்குத் தான் சுவர் என்று தெரியும். தடிமன் தெரியும், எந்தப் பொருளால் ஆனது, எத்தனை மணி நேரம் தீயைத் தாங்கும் என்பதும் தெரியும். அதை நகர்த்தினால் அதில் பதிந்த கதவும் கூடவே நகரும்.

புதிய எண்ணமும் இல்லை இது. அமெரிக்காவில் பிட்ஸ்பர்க் நகரின் கார்னெகி மெலன் பல்கலைக்கழகத்தில் இருந்த சார்லஸ் ஈஸ்ட்மன் 1975இலேயே, வரைபடங்களுக்குப் பதிலாகக் கட்டடத்தையே கணினியில் வைத்துக்கொள்ளலாம் என்று எழுதிவிட்டார். ஓரிடத்தில் மாற்றினால் எல்லா வரைபடமும் தானே மாறும். பொருட்களின் அளவுப் பட்டியலும் அதிலிருந்தே வரும். இன்று மென்பொருள் விற்பவர்கள் மேடையேறிச் சொல்வதில் பாதி அதில் இருக்கிறது. அப்போது அதைத் தாங்கும் கணினி பரவலாக இல்லை. ஹங்கேரியில் 1980களில் ஆர்க்கிகேட் என்ற மென்பொருள் பிறந்தது. அமெரிக்காவில் 2000இல் ரெவிட் என்ற இன்னொன்று வந்தது. இரண்டே ஆண்டுகளில் ஆட்டோடெஸ்க் என்ற பெரிய மென்பொருள் நிறுவனம் ரெவிட்டைச் செய்த நிறுவனத்தை வாங்கியது. ஆக, கணினி வந்து இருபது ஆண்டுக்கு மேலாகிவிட்டது. அண்ணனின் கேள்வி மட்டும் ஏன் அதுவரை எவர் வாயிலும் வரவில்லை?

தொழிற்சாலையிலிருந்து திரும்பும் வழியில், சோதனைச் சாவடி வரிசையில் பஸ் நகராமல் நின்ற இரண்டு மணி நேரமும் இதையே யோசித்துக்கொண்டிருந்தேன். ஒரு விடை, மாதிரியின் இயல்பிலேயே இருக்கிறது. பென்சிலால் வரைந்த காலத்தில், முடிவாகாத ஒன்றை முடிவாகாததுபோலவே வரைய முடிந்தது. மெல்லிய கோடு, பக்கத்தில் ஒரு கேள்விக்குறி. பார்ப்பவருக்கும் இது இன்னும் பேச வேண்டிய விஷயம் என்று புரியும். மாதிரியில் கேள்விக்குறிக்கு இடமில்லை. ஒரு குளியலறைப் பெட்டியை வைக்க வேண்டுமென்றால் உயரம் கொடுத்தே ஆக வேண்டும். கட்டடக் கலைஞரின் அலுவலகத்தில் யாரோ ஒருவர் பழைய கோப்பிலிருந்து ஒரு பெட்டியை எடுத்து வைத்திருப்பார். அது 2,480 என்றது. அடுத்து வந்த பொறியாளர் அதை நம்பினார். அவரை நான் நம்பினேன். மூன்று பேர் நம்பியதும் அது அளவாகிவிட்டது. உண்மையில் அந்த எண் தற்செயலாகச் சரியாக இருந்தது. தப்பாக இருந்திருந்தாலும் திரையில் அதே உறுதியோடுதான் நின்றிருக்கும். ஒரு பொருள் எந்த அளவுக்கு முடிவானது என்று குறிக்கும் நிலை எண்கள் எங்கள் தொழிலில் உண்டு. அவற்றை ஒழுங்காக நிரப்பிய ஒரு கோப்பை நான் இன்னும் பார்க்கவில்லை.

இன்னொரு விடை பணத்தில் இருக்கிறது. இதுதான் பெரிய விடை என்பது என் எண்ணம்.

கட்டுமானத்தில் வேலை ஒரு சங்கிலியாக இறங்கி வரும். நில உரிமையாளர் நிறுவனம், அதன் கட்டடக் கலைஞர், பொறியாளர்கள், பிறகு முதன்மை ஒப்பந்தக்காரர், அவருக்குக் கீழே இருபது முப்பது துணை ஒப்பந்தக்காரர்கள், அவர்களுக்குக் கீழே தொழிற்சாலைகள், தொழிற்சாலைக்குக் கீழே ஓடு விற்பவரும் குழாய் விற்பவரும். வடிவம் மேலே தீர்மானமாகிறது. தள்ளுவண்டி எவ்வளவு தூக்கும் என்ற அறிவு கீழே இருக்கிறது. கீழே இருப்பவர் சங்கிலியில் சேரும்போது மேலே எல்லாம் கையெழுத்தாகி, உத்திரத்தின் ஆழம் அரசு அனுமதி பெற்றிருக்கும்.

முன்பே கூப்பிட்டுக் கேட்டால் என்ன என்று தோன்றும். கேட்டுப் பாருங்கள். வேலை யாருக்கு என்று முடிவாகும் முன்பே ஒரு தொழிற்சாலைக்காரர், “உத்திரத்தை ஐம்பது மில்லிமீட்டர் குறையுங்கள், பெட்டியை இந்தப் பக்கமாகத் திருப்புங்கள்” என்று சொல்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அது வரைபடத்தில் ஏறும். அந்த வரைபடம் விலைப்புள்ளிக்காக அவருடைய நான்கு போட்டியாளர்களுக்கும் போகும். அவருடைய முப்பதாண்டு அனுபவத்தை இலவசமாகப் பெற்றுக்கொண்டு, பெட்டிக்கு ஐம்பது வெள்ளி குறைவாகக் கேட்டவர் வேலையை எடுத்துக்கொள்வார். அண்ணனிடம் பிற்பாடு இதைக் கேட்டேன். ஏன் முன்னமே யாரும் சொல்லவில்லை என்று. அவர் சிரித்தார். “சொல்கிறவனுக்கு வேலை கிடைத்ததில்லை தம்பி.”

வேலை கிடைத்த பிறகும் வாயைத் திறக்க யோசிப்பார்கள். தப்பைக் கண்டுபிடித்தவர் தலையில்தான் அதைச் சரிசெய்யும் செலவு விழும் என்பது எழுதப்படாத விதி. எங்கள் பத்து மில்லிமீட்டருக்கும் அதுதான் நடந்தது. ஆலோசகர்கள், அதாவது கட்டடக் கலைஞரும் பொறியாளர்களும், தங்கள் மாதிரி ‘குறிப்புக்கு மட்டும்’ என்றும் ஒப்பந்தப்படி வரைபடமே செல்லும் என்றும் எழுதினார்கள். முதன்மை ஒப்பந்தக்காரரான எங்கள் தரப்பு, பெட்டியைக் கொண்டுபோய் வைப்பது தொழிற்சாலையின் பொறுப்பு என்றது. தொழிற்சாலை, வழி கொடுக்க வேண்டியது நீங்கள் என்றது. ஆறு கூட்டம், நூற்றுக்கு மேல் மின்னஞ்சல். அந்த ‘குறிப்புக்கு மட்டும்’ என்ற இரண்டு சொற்களால் இன்னொன்றும் நடக்கிறது. ஆலோசகரின் மாதிரியை நம்பக் கூடாது என்பதால் ஒப்பந்தக்காரர் முதலிலிருந்து இன்னொரு மாதிரி செய்கிறார். தொழிற்சாலை தன் அச்சுகளுக்காக மூன்றாவதாக ஒன்று செய்கிறது. ஒரு கட்டடத்தை நாங்கள் மூன்று முறை கணினியிலும் ஒரு முறை நிலத்திலும் கட்டினோம்.

மூன்றும் ஒன்றோடொன்று பேசுமா என்றால், ஏட்டளவில் பேசும். எந்த மென்பொருளும் படிக்கக்கூடிய பொதுக் கோப்பு வடிவம் ஒன்று 1990களிலிருந்து வளர்ந்துவருகிறது. ஐஎஃப்சி என்று பெயர், 2013இல் ஐஎஸ்ஓ தரமும் ஆனது. தொழிற்சாலையின் கோப்பை அந்த வடிவத்தில் வாங்கித் திறந்தபோது, ஓடும் குழாயும் கோப்பையும் கொண்ட அந்தப் பெட்டி ஒரே சாம்பல் நிறக் கட்டியாக வந்து நின்றது. நாங்கள் மட்டும் இதில் தனியில்லை என்று ஆறுதல் பட்டுக்கொள்ள விமானத் தொழிலில் ஒரு கதை உண்டு. ஏர்பஸ் ஏ380 விமானத்தின் மின்கம்பிகளை ஜெர்மனியின் ஹாம்பர்க்கில் ஒரு மென்பொருளின் பழைய பதிப்பில் வடிவமைத்தார்கள். பிரான்ஸின் துலூஸில் இருந்தவர்கள் அதன் புதிய பதிப்பில் இருந்தார்கள். பொருத்தப் போனால் கம்பி நீளம் போதவில்லை. 2006இல் அந்த விமானம் தாமதத்துக்கு மேல் தாமதமானதற்கு இது முக்கியக் காரணம். மென்பொருளின் பெயர் இரண்டு ஊரிலும் ஒன்றுதான்.

இதெல்லாம் தீராத நோய் என்று நான் நினைத்திருந்த காலத்தில்தான் லண்டன் ஹீத்ரோ விமான நிலையத்தின் ஐந்தாம் முனையத்தைப் பற்றி விரிவாகப் படித்தேன். அதைப் பற்றிக் கொஞ்சம் நிறையவே சொல்லப் போகிறேன். இந்தத் தொழிலில் எனக்குப் பிடித்த கதை அது.

கதை ஒரு குழியில் தொடங்குகிறது. 1994 அக்டோபரில், ஹீத்ரோவுக்கு ரயில் பாதை போடத் தோண்டிக்கொண்டிருந்த சுரங்கம் விமான நிலையத்தின் நடுப்பகுதியில் இடிந்து விழுந்தது. நல்லவேளையாக யாருக்கும் காயமில்லை. வழக்கமாக இந்த இடத்தில் வக்கீல்கள் உள்ளே வருவார்கள். விமான நிலைய நிறுவனமான பிஏஏ, எல்லாத் தரப்பையும் ஒரே அணியாக உட்கார வைத்துக் குழியை மீட்டெடுப்பதை முதல் வேலையாக வைத்தது. 1998இல் ரயில் ஓடியது. அந்த அனுபவம் அவர்கள் மனத்தில் தங்கிவிட்டது.

ஐந்தாம் முனையத்துக்கான பொது விசாரணை 1995இல் தொடங்கி 1999 வரை நடந்தது. அனுமதி வந்தது 2001 நவம்பரில். செலவு 430 கோடி பவுண்டு. இரண்டு ஓடுபாதைகளுக்கு நடுவே இடம். தரையில் நெருக்கடி, வானத்திலும் நெருக்கடி, ஏனென்றால் கிரேன் உயர்ந்தால் ரேடாரை மறைக்கும். இப்படிப்பட்ட வேலையில், எல்லா ஆபத்தையும் ஒப்பந்தக்காரர் தலையில் கட்டிவிட்டுத் தள்ளி நிற்பதே உலக வழக்கம். பிஏஏ வேறு கணக்குப் போட்டது. ஆபத்தை யார் தலையில் கட்டினாலும் விமான நிலையம் திறக்காவிட்டால் நஷ்டம் தனக்குத்தான். ஆகவே ஆபத்தைத் தானே ஏற்றுக்கொள்வதாக எழுதிக் கொடுத்தது. அனைவருக்குமாக ஒரே காப்பீடு. ஆன செலவைக் கொடுத்து, அதற்கு மேல் பேசிய இலாபத்தையும் கொடுத்துவிடும். மதிப்பிட்டதைவிடக் குறைவாக முடித்தால் மிச்சத்தில் எல்லோருக்கும் பங்கு.

இதனால் என்ன ஆயிற்று என்பதற்குக் கூரை ஒன்று போதும். தூணில்லாமல் நீண்டு விரியும் பிரம்மாண்டக் கூரை. ரேடார் காரணமாக உயரமான கிரேன் வைத்துக் கட்ட முடியாது. எஃகு செய்பவர்களும் நிறுத்துபவர்களும் வடிவமைப்பாளர்களும் தொடக்கத்திலேயே ஒன்றாக உட்கார்ந்ததால், கூரையைக் கீழேயே பகுதி பகுதியாகக் கோத்து, இழுவைக் கம்பிகளைக் கொண்டு மேலே தூக்கும் முறை வந்தது. அதையும் நேராக ஹீத்ரோவில் செய்து பார்க்கவில்லை. ஒரு பகுதியை வடக்கே யார்க்‌ஷயரில் முழு அளவில் கோத்து ஒத்திகை பார்த்தார்கள். எங்கே போல்ட் எட்டவில்லை, எங்கே ஆள் நிற்க இடமில்லை என்பதையெல்லாம் அங்கேயே கண்டார்கள். ‘உள்ளே எப்படி வந்தது?’ என்ற கேள்வியைப் பல நூறு டன் எஃகைக் கொண்டு கேட்டிருக்கிறார்கள். நான் ஒரு தள்ளுவண்டியைக் கூடக் கேட்கவில்லை.

பொருட்கள் வேலைத்தளத்துக்கு நேராக வரவில்லை. பக்கத்தில் கோல்ன்புரூக் என்ற இடத்தில் இறங்கி, தேவைப்படும் நேரத்துக்குத் தேவைப்படும் அளவில் போயின. கான்கிரீட்டுக்கான கம்பிக் கூடுகளையும் அங்கேயே கட்டி எடுத்துப் போனார்கள். எல்லோரும் ஒரே மாதிரியில் வேலை செய்வது என்ற ஏற்பாடும் இருந்தது. ஆனால் அந்தக் காலத்துக் கணினியும் மென்பொருளும் இன்று என் பையில் இருப்பதைவிடப் பலமடங்கு பலவீனமானவை. ஒத்துழைப்பைக் கொண்டுவந்தது மாதிரி என்று யாராவது சொன்னால் நான் நம்ப மாட்டேன். வாயைத் திறந்தால் தண்டனை இல்லை என்ற ஒப்பந்தம் முதலில் வந்தது. மாதிரியில் உண்மை அதன் பிறகு ஏறியது.

2008 மார்ச் 27 அன்று, பல ஆண்டுகளுக்கு முன்பே குறித்த அதே நாளில் முனையம் திறந்தது. அன்றைக்கே மானமும் போயிற்று. பயணப்பைகள் தேங்கின. முதல் நாளே 34 விமானங்கள் ரத்து. காரணங்களில் ஒன்றைப் படித்தபோது எனக்குச் சிரிப்பும் வந்தது, வயிற்றைக் கலக்கவும் செய்தது. வேலைக்கு வந்த பணியாளர்கள் தங்கள் காரை எங்கே நிறுத்துவது, எந்தச் சோதனை வழியாக நுழைவது என்பது தெரியாமல் அலைந்திருக்கிறார்கள். கட்டடத்தில் எல்லாம் அதனதன் இடத்தில் இருந்தன. ஆட்கள் உள்ளே எப்படி வருவார்கள் என்பதில்தான் கோளாறு.

உலகம் அந்தக் கதையிலிருந்து ஒப்பந்தத்தை எடுத்துக்கொண்டதைவிட மாதிரியை எடுத்துக்கொண்டதுதான் அதிகம். பிஏஏவே 2006இல் ஸ்பெயினின் ஃபெரோவியல் தலைமையிலான குழுவின் கைக்குப் போன பிறகு அந்தப் பாணியை அப்படியே தொடரவில்லை. பிரிட்டிஷ் அரசு, தன் கட்டுமானப் பணிகளில் 2016க்குள் முப்பரிமாண மாதிரி கட்டாயம் என்று 2011இல் அறிவித்தது. அங்கே எழுதிய விதிமுறைகள்தான் 2018இல் ஐஎஸ்ஓ 19650 என்ற உலகத் தரமாயின. சிங்கப்பூர் இன்னும் வேகம். பெரிய கட்டடங்களின் அனுமதிக்கான வரைபடங்களை 2013 முதலும், 5,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட எல்லாப் புதிய திட்டங்களுக்கும் 2015 முதலும் மாதிரியாகவே தர வேண்டும் என்றது. நல்ல விதிதான். ஆனால் விதி கேட்டது அனுமதிக்கான மாதிரியை. பல அலுவலகங்களில் பழையபடி இரு பரிமாணத்தில் வரைந்து முடித்துவிட்டு, கடைசி இரண்டு வாரத்தில் ஆள் வைத்து அதை மாதிரியாக மொழிபெயர்த்துக் கொடுப்பார்கள். நானே அந்த மொழிபெயர்ப்பு வேலையை மூன்று ஆண்டு செய்திருக்கிறேன். சம்பளம் ஒழுங்காக வந்தது.

பொதுத் தகவல் களம் என்று ஒன்று இருக்கிறது; திட்டத்தின் கோப்புகளெல்லாம் வந்து சேர வேண்டிய ஒரே இடம். அந்த ஐஎஸ்ஓ தரத்தின்படி ஒரு கோப்பு அதில் நான்கு நிலைகளில் இருக்கும்: செய்துகொண்டிருப்பது, பகிர்ந்தது, வெளியிட்டது, ஆவணமானது. யார் எப்போது எதைப் பார்த்தார், ஒப்புதல் தந்தார் என்பதெல்லாம் பதிவாகும். எங்கள் திட்டத்திலும் மாதச் சந்தா கட்டி அப்படியொன்று வைத்திருந்தோம். உண்மையான பொதுத் தகவல் களம் வாட்ஸ்அப் குழுதான். உத்திரத்தின் அடியில் அளவு நாடாவைப் பிடித்தபடி எடுத்த புகைப்படம், அதன் மேல் விரலால் போட்ட சிவப்பு வட்டம், கீழே “பாஸ், இது எப்படி?” என்ற குரல் பதிவு. அதிகாரபூர்வக் களத்துக்கு அந்தத் தகவல் வந்து சேர ஒன்பது நாள் ஆகும். சில வரவே வராது.

எங்கள் பெட்டிக்கு வருவோம். ஏற்கெனவே மேல்தளம் வார்த்த மாடியில், தள்ளுவண்டிக்குப் பதிலாகத் தாழ்வான உருளைகளில் வைத்து நகர்த்தினார்கள். 75 மி.மீ. உயரம்தான் அவை; தலைக்கு மேல் 45 மிச்சம். ஆனால் தரை முழுக்க இரும்புத் தகடு விரிக்க வேண்டும், கடைசியில் ஜாக்கி வைத்து அங்குலம் அங்குலமாக, அதற்கென்று தரையில் விட்ட பள்ளத்துக்குள் இறக்க வேண்டும். பெட்டிக்கு அரைநாள் போயிற்று. மீதி மாடிகளுக்கு அண்ணனே வழி சொன்னார்: மேல்தளம் வார்க்கும் முன்பே பெட்டியைக் கிரேனால் நேராக அதன் இடத்தில் இறக்கிவிடுங்கள். உத்திரமே இல்லாதபோது எது இடிக்கும்?

கேட்க எளிது. இதனால் எங்கள் நாட்காட்டியும் தொழிற்சாலையின் நாட்காட்டியும் ஒன்றாகக் கட்டப்பட்டுவிட்டன. முன்பெல்லாம் பெட்டி இரண்டு வாரம் பிந்தினால் வேறு வேலை நடக்கும். இப்போது பெட்டி பிந்தினால் தளம் பிந்தும், தளம் பிந்தினால் கட்டடமே நிற்கும். லாரி பாலத்தில் எத்தனை மணிக்கு ஏறுகிறது என்பது எங்கள் கட்டமைப்புப் பொறியாளரின் கவலையாயிற்று. வண்டியும் பெட்டியும் சேர்ந்து 4.5 மீட்டர் உயரத்தைத் தாண்டினால் சிங்கப்பூர்ச் சாலைகளில் துணை வண்டியோடுதான் போக வேண்டும். தாழ்வான லாரி தட்டுகளே வேண்டும் என்று தொழிற்சாலைக்கு எழுதினோம். அண்ணனின் உற்பத்தி அட்டவணை என் மாதிரிக்குள் வந்தது. ஒவ்வொரு பெட்டிக்கும் ஓர் எண். அச்சில் இருக்கிறதா, ஓடு ஒட்டியாயிற்றா, கசிவுச் சோதனை முடிந்ததா, லாரியில் ஏறியதா என்று நிறம் மாறும். அவருடைய ஆட்கள் கைப்பேசியில் ஒரு பொத்தானை அழுத்துவார்கள். ஒன்பதாம் மாடியில் ஒரு பெட்டி மஞ்சளிலிருந்து பச்சையாகும். என் பணிக்காலத்தில் மாதிரி முதன்முறையாக உயிரோடு இருந்தது அந்தச் சில மாதங்கள்தான்.

2020 மார்ச் 18 அன்று மலேசியாவில் நடமாட்டக் கட்டுப்பாடு வந்தது. சரக்கு லாரிகளுக்குப் பாலம் திறந்தே இருந்தது. ஏற்றுவதற்குத்தான் ஒன்றுமில்லை, தொழிற்சாலை மூடிவிட்டது. திரையில் நாற்பத்தோரு பெட்டிகள் மஞ்சளாகவே நின்றன. ஏப்ரல் 7 முதல் இந்தப் பக்கமும் எல்லாம் அடைத்தாகிவிட்டது. எங்கள் தொழிலாளர்கள் விடுதிகளுக்குள் மாதக் கணக்கில் அடைந்து கிடந்தார்கள். அவர்களில் பலர் புதுக்கோட்டை, பட்டுக்கோட்டைப் பக்கத்து ஆட்கள். விநியோகச் சங்கிலி என்ற சொல்லை நாங்கள் அறிக்கைகளில் எவ்வளவோ எழுதியிருக்கிறோம். அதில் ஒரு கண்ணி, பன்னிரண்டு பேர் படுக்கும் அறையில் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்த உருளை தள்ளும் ஆள் என்பதை எந்த மாதிரியிலும் குறித்ததில்லை.

அடுத்த திட்டத்தில் ஒரு காரியம் செய்தோம். மேலாளரை நச்சரித்து, விலைப்புள்ளிக்கு முன்பாகவே அண்ணனின் தொழிற்சாலைக்கு ஆலோசனைக் கட்டணம் ஒன்று கொடுக்க வைத்தேன். வேலை அவர்களுக்கு வந்தாலும் வராவிட்டாலும் அந்தப் பணம் அவர்களுடையது. தொகை பெரிதில்லை, எங்கள் மென்பொருள் சந்தாவின் சில மாதக் காசு. மேலிருந்து பணம் வந்தால்தான் கீழே தருவேன் என்ற நிபந்தனை செல்லாது என்று சிங்கப்பூரில் 2004இலேயே சட்டம் வந்துவிட்டது. செய்த வேலைக்கான காசை அது வாங்கித் தரும். சொன்ன யோசனைக்குக் காசு வாங்கித் தர எந்தச் சட்டமும் இல்லை; நாமே பார்த்துக் கொடுத்தால்தான் உண்டு. கணக்குத் துறையில் அதற்கு என்ன தலைப்புப் போடுவது என்று ஒரு வாரம் விவாதம் நடந்தது. கடைசியில் ‘இதர செலவு’ என்று போட்டார்கள்.

அண்ணன் இடுப்பில் அளவு நாடாவோடு எங்கள் குளிரூட்டிய கூட்ட அறைக்கு வந்தார். மடிக்கணினிகளுக்கு நடுவே அதைக் கழற்றி மேசைமேல் வைத்தார். அன்று அவர் சொன்னபடி, இறக்குமேடையிலிருந்து ஒவ்வொரு குளியலறை வரைக்கும் பெட்டி போகிற வழியை 2,700 மி.மீ. உயரத்தில் ஒரு கண்ணாடிச் சுரங்கம்போல மாதிரியில் வரைந்தேன். கான்கிரீட்டும் கிடையாது, இரும்பும் கிடையாது, வெறும் வெற்றிடம்தான். ஆனால் அதற்குள் எது நுழைந்தாலும் மென்பொருள் மோதல் என்று கத்தும்.

இரண்டு வாரத்தில் கட்டமைப்பு அலுவலகத்திலிருந்து புதிய கோப்பு வந்தது. என் சுரங்கங்களைக் காணவில்லை. விசாரித்தேன். புதிதாகச் சேர்ந்த பையன், பொருளேதும் இல்லாத வெற்றுப் பெட்டிகள் கிடக்கின்றனவே என்று சுத்தம் செய்திருக்கிறான். அவன்மேல் கோபம் வரவில்லை. அவன் வயதில் நானும் அதைத்தான் செய்திருப்பேன். திரும்ப வரைந்து, ஒவ்வொன்றுக்கும் ‘அழிக்க வேண்டாம், இது வழி’ என்று பெயர் வைத்தேன்.

அந்த வார அறிக்கையின் முதல் பக்கத்தில் மோதல்கள் 212 என்று வந்தது. மேலாளர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, இது எப்போது பூஜ்யமாகும் என்று கேட்டார். அண்ணனிடம் கேட்டுச் சொல்கிறேன் என்றேன்.